வாசலை அடைத்து நிற்கும் லேத்

குர்லா, பம்பாய்
11-3-1973

அன்புத் தங்கை விக்டோரியாவுக்கு அண்ணன் ஜெயராஜ் எழுதுவது. கர்த்தர் காப்பில் நானும் மேரியும் பிள்ளைகளும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை தானியேலும் எப்படி இருக்கிறீர்கள்? ரயில்வேயில் தண்டவாளக் கேங் வேலை வெயிலில் கடினம், மாப்பிள்ளையைத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு போகச் சொல்.

கையெழுத்தைப் பார்த்து மலைக்காதே. கையில் சின்னக் காயம், பேனா பிடிக்க வரவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டில் நான் விட்டுவிட்டு வந்த கடைசல் லேத்தை மேரியின் தம்பி ஜோசப்புக்குக் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். மீஞ்சூரில் அவன் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போடுகிறான். மூர் மார்க்கெட் பக்கம் காயலான் கடையில் அதை நான் எடுத்து வந்து நாலு வருஷம் ஆகிறது. மூலையில் துருப்பிடிப்பதற்குப் பதில் ஒரு ஆண்பிள்ளை கையில் ஓடட்டும். ஈஸ்டர் முடிந்த வாரம் அவன் வண்டி கொண்டு வருவான். மைக்ரோமீட்டர் பெட்டியையும் அவனிடமே கொடுத்துவிடு.

ஊருக்குத் திரும்பி வந்து லேத் போட்டுப் பிழைப்பேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் பழைய பேச்சு. இங்கே வேலை நன்றாகப் போகிறது. கிறிஸ்துமஸுக்கு வருகிறோம். அதற்குள் அது வீட்டில் இருக்கக் கூடாது.

உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கும்
அண்ணன் ஜெயராஜ்


கும்மிடிப்பூண்டி
20-3-1973

அன்புள்ள அண்ணாவுக்கு விக்டோரியா வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் சுகம். உன் மாப்பிள்ளை துண்டு கட்டிக்கொண்டுதான் போகிறார், ஆனால் திரும்பி வரும்போது துண்டு இருப்பதில்லை. இந்த வருஷம் மட்டும் மூன்று தொலைத்துவிட்டார். உன் கைக் காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போடச் சொல்லு அண்ணியிடம்.

அண்ணா, லேத் துருப்பிடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவள் நான்.

இதை எப்படிச் சொல்வது என்று ஒன்றரை வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன், நீயே வழி பண்ணிக் கொடுத்துவிட்டாய். நீ அதைப் பிரித்துச் சுத்தம் செய்தபோது பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள் யார்? ஒரு ஸ்குரூ எங்கே போயிற்று என்று நீ தேடும்போதெல்லாம் எடுத்துக் கொடுத்தவள் யார்? கை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது, வைத்தேன். மோட்டார் இல்லை, வாங்க வக்கும் இல்லை. ஸ்டேஷன் எதிரில் கரும்புச்சாறு பிழிந்தவர் கடையைக் கட்டிவிட்டுப் போனபோது அந்த மெஷினின் பெரிய இரும்புச் சக்கரத்தை உன் மாப்பிள்ளை கேட்டு வாங்கி வந்தார். அதைக் கீழே மாட்டி, ஒரு மிதிக்கட்டை வைத்து, மேலே பெல்ட் போட்டுக் கொடுத்தார். பத்து வருஷம் தையல் மெஷின் மிதித்த கால் எனக்கு. மிதிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. உளி எல்லாம் உடைந்த அரத்தைத் தீட்டிச் செய்ததுதான்.

இரும்பு என் காலுக்கு அடங்காது. அலுமினியம் அடங்கும். பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் கங்கம்மாளின் வீட்டுக்காரர் படகுக்குக் கப்பி கடைந்து கொடுத்தேன். உப்புத் தண்ணீரில் இரும்புக் கப்பி ஒரு மழைக்குத் தாங்காது, இது அப்படியே கிடக்கிறது. அதைப் பார்த்து அந்தக் குப்பத்தில் ஏழு படகுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் வேண்டாம் என்பாய். நீ வேண்டாம் என்று சொல்லாத வரைக்கும் நான் உன் பேச்சை மீறினதாக ஆகாது அல்லவா?

'ஜெயராஜ் இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று நீ எழுதி வைத்திருந்த தகரப் போர்டு லேத்துக்குப் பின்னால் நிற்கிறது. சுவரில் எண்ணெய் தெறிக்காமல் தடுக்கிறது. எழுத்து தெரிகிற மாதிரிதான் வைத்திருக்கிறேன்.

ஜோசப் வரட்டும். சோறு போடுகிறேன். லேத்தைத் தர மாட்டேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.
விக்டோரியா


குர்லா, பம்பாய்
8-4-1973

விக்டோரியாவுக்கு ஜெயராஜ் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்தான். உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு மட்டும் சுகமில்லை.

உனக்குப் புத்தி பிசகிவிட்டதா? அது தையல் மெஷின் இல்லை. முந்தானை ஒரு விரற்கடை போய்ச் சிக்கினால் உன்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தலைமுடி சிக்கினால் தோலோடு வரும். ஒரு நொடி போதும், விக்டோரியா. இருபது வருஷம் ஓட்டியவன், ஒரு நொடி வேறு பக்கம் பார்த்தால் போதும். மெஷினுக்கு அண்ணன் தங்கை என்றெல்லாம் தெரியாது.

தெருவில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றாவது யோசித்தாயா? மாப்பிள்ளைக்குச் சம்பளம் வருகிறது, நீ காலால் இரும்புச் சக்கரம் மிதித்துத்தான் அடுப்பு எரிய வேண்டுமா? அவரும் சேர்ந்து சக்கரம் தூக்கி வந்து மாட்டிக் கொடுத்திருக்கிறார், அவரை என்ன சொல்ல?

லேத் என்னுடையது. ஜோசப் வருகிறான். பேசாமல் கொடுத்தனுப்பு.

ஜெயராஜ்

விக்டோரியா, இது நான் மேரி. என் தம்பிக்காக நான் தூண்டிவிடுகிறேன் என்று நினைக்காதே. அவர் சொல்கிறதைக் கேள்.


கும்மிடிப்பூண்டி
28-4-1973

அன்புள்ள அண்ணாவுக்கு, ஈஸ்டர் நல்லபடியாகப் போனதா? இங்கே கோயிலில் கூட்டம், வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். நாங்கள் விழவில்லை.

முந்தானை சிக்காது. புடவைக்கு மேல் உன் மாப்பிள்ளையின் காக்கிச் சட்டையைப் போட்டுப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் மாட்டிக்கொள்கிறேன். தலைக்குத் துணி கட்டிக்கொள்கிறேன். தெருவில் நாலு பேர் பேசத்தான் செய்கிறார்கள். பேசிவிட்டு உடைந்துபோன குக்கர் மூடியின் கைப்பிடியை என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள்.

புதன்கிழமை ஜோசப் வந்தான். மாட்டு வண்டி, இரண்டு ஆள், கயிறு, எல்லாம் தயாராக. வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாக்கா இது, வாசல அடச்சிக்கினு நிக்குது? ஊட்டுக்குள்ள எப்டி வர்றது?"

"ஒதுங்கி வா. எல்லாரும் அப்டித்தான் வர்றாங்க."

நம் வீட்டில் வெளிச்சம் வருகிற இடம் அந்த வாசல் ஒன்றுதான், உனக்குத் தெரியும். அதனால் லேத்தை அங்கே நகர்த்தி வைத்திருக்கிறோம்.

"மாமா சொல்ட்டாருக்கா. ஏத்திக்கினு போறேன்."

"ஏத்திக்கினு போ. அதுக்கு முன்னால ஒரு அலுமினியக் கட்டை கடைஞ்சி காட்டு. யார் கைல குடுக்கறம்னு எனக்கும் தெரிய வேணாமா?"

சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினான். எட்டு வருஷமாக இரும்பு கடைகிறவன், அலுமினியம் எம்மாத்திரம் என்ற நினைப்பு. மிதிக்கக் காலைப் பார்த்தான், கை நின்றது. கையைப் பார்த்தான், கால் நின்றது. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி அவன் முழங்காலில் ஒரு தட்டு தட்டியது. வண்டிக்காரர் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவழியாகக் கால் பழகி உளியை வைத்தான். வறட்டு உளியாகவே வைத்தான், அண்ணா. எண்ணெயும் இல்லை ஒன்றும் இல்லை, இரும்பில் வெண்கலத்தில் ஓட்டுகிற பழக்கம். அலுமினியம் உருகி உளி முனையில் உருண்டையாக ஒட்டிக்கொண்டது. கட்டை பலாப்பழத் தோலாக வந்தது.

நான் உளியைத் தீட்டி மாட்டி, மண்ணெண்ணெய்க் குவளையை எடுத்துத் துணியால் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டே அதே கட்டையை ஒரு சீவல் சீவினேன். அவன் முகம் அதில் தெரிந்தது.

"பேஜாரா கீதுக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். மீன் குழம்பு போட்டேன், மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். வெறும் வண்டியாகப் போகக்கூடாதென்று ஒரு கட்டு முருங்கைக்காய் ஏற்றி அனுப்பினேன். அண்ணியிடம் அதையும் சேர்த்துத்தான் சொன்னானா?

இப்போது எனக்கு ஒரு உதவி. கோபத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் படி. ரயில் பாதைக்கு மேற்கே புதிதாக ஒரு கம்பெனி வந்திருக்கிறது. பயிருக்கு மருந்தடிக்கிற மெஷின் செய்கிறார்கள். வாரத்தில் நாலு நாள் கரண்ட் இல்லாமல் அவர்கள் லேத் எல்லாம் தூங்குகிறது. என் லேத்துக்குக் கரண்ட் என்றால் என்னவென்றே தெரியாது. நேரே போய்க் கேட்டேன். அலுமினிய வார்ப்பு இருபத்துநாலு கொடுத்து, இரண்டு அங்குல பிஸ்டனாகக் கடைந்து வா, பார்க்கலாம் என்றார்கள். ஒவ்வொன்றையும் உன் மைக்ரோமீட்டரில் அளந்து அளந்துதான் எடுத்தேன். சரியாக இருந்தது. கொண்டு போனால் இருபத்துநாலும் சின்னதாகப் போயிருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அளந்தால் உண்மைதான், சின்னதாகத்தான் இருக்கிறது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை தருகிறேன் என்கிறார்கள். என்ன தப்பு செய்தேன், அண்ணா?

விக்டோரியா


குர்லா, பம்பாய்
9-5-1973

விக்டோரியா,

இங்கே சுகம். சூட்டோடு அளந்தாயா?

நிச்சயம் அதுதான். உளி பட்டு வரும்போது பிஸ்டன் சுடச்சுட இருக்கும். அலுமினியம் சூட்டில் பெருக்கும், இரும்பைவிட இரண்டு மடங்கு. நீ அந்தச் சூட்டில் சரியாக அளந்து எடுத்தாய், ஆறியதும் சுருங்கிவிட்டது. இரண்டு அங்குலத்தில் தலைமயிர் கனத்தில் பாதி போனாலும் போயிற்று. முதல் சீவலை முடித்துவிட்டு லேத்திலிருந்து கழற்றாமலே பச்சைத் தண்ணீர் விட்டு ஆற வை. தொட்டால் உன் கையைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பிறகு அள. அதற்குப் பிறகுதான் கடைசிச் சீவல். அதை மெல்லியதாக எடு, சூடேறாது. எடுத்த பீஸைப் பானைத் தண்ணீரில் கால் மணி போட்டு இன்னொரு தரம் அளந்து பார்.

உளியின் மேல் சரிவு போதாது என்று நினைக்கிறேன். இரும்புக்குத் தீட்டுவதைப்போல் இரண்டு பங்கு சாய்த்துத் தீட்டு. தீட்டிய பிறகு முனையை எண்ணெய்க் கல்லில் கண்ணாடி மாதிரி தேய். நகத்தில் வைத்தால் வழுக்கக் கூடாது, கவ்வ வேண்டும். மைக்ரோமீட்டரை இறுக்கித் திருகாதே, அது தானாகப் பிடிக்கிற இடத்தில் நிறுத்து. மண்ணெண்ணெய் விடுவது யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொன்னதாக நினைவில்லை. சரியான வேலை.

ஜோசப் ஆடி மாசத்துக்குப் பிறகு மறுபடி வருவான். அதுவரை இருக்கட்டும்.

ஜெயராஜ்

மேரி எழுதுவது: முருங்கைக்காய் விஷயத்தை அவன் சொல்லவில்லை.


கும்மிடிப்பூண்டி
3-6-1973

என் அன்பான அண்ணா, உனக்கு நூறு வயசு. அண்ணிக்கு நூற்றொன்று. நாங்கள் சுகம், இன்றைக்கு மற்ற எல்லா நாளையும்விடச் சுகம்.

இரண்டாம் தடவை தந்த வார்ப்பில் நீ சொன்ன மாதிரியே செய்தேன். பானைத் தண்ணீரில் போட்டு, துடைத்து, இரண்டு தரம் அளந்தேன். இருபத்துநாலும் கச்சிதம். தகரப் பெட்டியில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு போனேன். மூன்று மைல். கத்திரி முடிந்ததாகப் பேர், வெயில் அது தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை.

அங்கே சரிபார்க்கிறவர் ரங்கசாமி என்று ஒருவர். இரண்டு இரும்பு வளையம் வைத்திருக்கிறார். ஒரு வளையத்துக்குள் பிஸ்டன் போக வேண்டும், இன்னொன்றுக்குள் போகக்கூடாது. முதல் பிஸ்டனை எடுத்தார். போக வேண்டிய வளையத்தில் போகவில்லை. இரண்டாவது, மூன்றாவது, எதுவும் போகவில்லை.

"ஏம்மா, போன தபா சின்னதா கொண்ணாந்த. இந்த தபா பெருசா கொண்ணாந்துகீற. ஊட்ல ஒக்காந்து சோறாக்கற வேலைய பாரேன்."

பெட்டியை இழுத்து மூடப் போனேன். மூடி சுட்டது. கையை உதறினேன். உதறின பிறகுதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது.

"சார், பிஸ்டன் சுடுது. மூணு மைல் வெயில்ல வந்துகீது. உங்க வளையம் நெழல்ல கீது. ஆற வச்சி போட்டுப் பாருங்க."

"சாக்கு சொல்லாத."

மூலையில் குடிதண்ணீர்ப் பானை இருந்தது. ஒரு பிஸ்டனை எடுத்துக்கொண்டு அதன் பக்கம் போனேன்.

"பானையத் தொடாத!" என்று ஒரு கத்து கத்தினார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குக் காது வரைக்கும் எரிந்தது, அண்ணா. அப்படியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. வந்தால் யாருக்கு நஷ்டம்? பிஸ்டனை மறுபடி பெட்டியில் வைத்தேன். பெட்டியை அவர் காலடியில் வைத்தேன்.

"நான் தொடல. நீங்க மொண்டு ஊத்துங்க."

சுற்றிலும் கரண்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அதில் ஒருவர் "ஊத்திதான் பாரேன்யா, தண்ணிக்கு இன்னா பஞ்சம்" என்றார். வேறு வழியில்லாமல் ரங்கசாமி சொம்பை எடுத்தார். மொண்டு மொண்டு ஊற்றினார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் யாரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு ஒரு பிஸ்டனை எடுத்து என் காக்கிச் சட்டையில் துடைத்து அவரிடம் நீட்டினேன். வளையத்துக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவது வளையத்தில் போகவில்லை. இருபத்துநாலும் அப்படியே.

அவர் சீட்டில் கையெழுத்துப் போட்டார். மாசம் இருநூறு பிஸ்டன் கேட்டிருக்கிறார்கள். நான் கிளம்பும்போது, "இத்த யாரு உனுக்கு சொல்லித் தந்தது?" என்று கேட்டார். எங்க அண்ணன், பம்பாயில் பெரிய லேத் டர்னர் என்றேன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். மார்ச் மாசம் சின்னக் காயம் என்று எழுதினாய். இது ஜூன். இன்னும் அண்ணி கையெழுத்து. நாலு வருஷமாக உன் கடிதத்தில் பாதி உன் மெஷினைப் பற்றித்தான் இருக்கும். இந்த வருஷம் ஒரு வார்த்தை இல்லை. உன் கைக்கு என்ன?

விக்டோரியா


கும்மிடிப்பூண்டி
12-8-1973

அன்புள்ள அண்ணிக்கு விக்டோரியா எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் சுகம்தானே? இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

பத்து வாரமாகப் பதில் இல்லை. இரண்டு கார்டு போட்டேன். நேற்று ஜோசப்பைப் பார்க்க மீஞ்சூருக்கே போனேன். கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். லேத்தை எப்போது வந்து எடுப்பாய் என்றேன், அதற்கும் தரையைத்தான் பார்த்தான்.

உங்களைத்தான் கேட்கிறேன். என் அண்ணன் கைக்கு என்ன ஆயிற்று? எழுதாமல் இருந்தால் அடுத்த வாரம் ரயில் ஏறிவிடுவேன். உங்கள் தம்பி கொண்டுவந்த கயிறு இங்கேதான் கிடக்கிறது, லேத்தையும் கட்டிக்கொண்டே வருவேன்.

விக்டோரியா


குர்லா, பம்பாய்
2-9-1973

அன்புள்ள விக்டோரியாவுக்கு மேரி எழுதுவது. பிள்ளைகள் சுகம். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன், கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஜனவரி ஒன்பதாம் தேதி. அன்றைக்கு லேத்தில் இல்லை, ஆள் வராததால் தகடு வெட்டுகிற பிரஸ்ஸில் நிறுத்தினார்கள். வலது கையில் நாலு விரலும் போய்விட்டது. கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. இப்போது அதே கம்பெனியில் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. வருஷக் கடைசியோடு அதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வருகிறோம் என்றாரே, அது திரும்பிப் போகிற வரவு இல்லை.

லேத்தை ஜோசப்புக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை, விக்டோரியா. ஜோசப்பும் கேட்கவில்லை. இவர்தான் அவனைப் பிடித்துத் தள்ளினார். வீட்டுக்குள் நுழையும்போது அது கண்ணில் படக்கூடாதாம். அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் என்னால் சாப்பிட முடியாது என்கிறார்.

அந்தத் தண்ணீர் ஊற்றின கடிதத்தை நான் படித்துக் காட்டினேன். ரங்கசாமி மொண்டு ஊற்றுகிற இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தார். ஐந்து மாசத்தில் அன்றைக்குத்தான் சிரித்தார். மூன்று தரம் படிக்கச் சொன்னார். கடைசியில் நீ கையைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதைப் படித்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். பதில் எழுதலாமா என்றால், "இன்னான்னு எழுதச் சொல்ற? கை போனவனுக்கு அங்க இன்னா வேல?" என்கிறார். அதோடு சரி.

மேரி


கும்மிடிப்பூண்டி
12-9-1973

அண்ணா,

அண்ணி எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். அவர்கள் மேல் பாயாதே, மிரட்டி வாங்கினவள் நான். படித்துவிட்டு நன்றாக அழுதேன். உன் மாப்பிள்ளை வேலைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அழுது முடித்து, முகம் கழுவி, சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அதனால் இதில் அழுகை கிடையாது, கோபம் மட்டும்தான்.

மெஷினுக்கு அண்ணன் தங்கை தெரியாது என்று நீ எழுதினபோது உன் விரல் போய் மூன்று மாசம் ஆகியிருந்தது. அதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் லேத்தை நிறுத்தியிருப்பேன் என்று நினைத்தாயா? நிறுத்தியிருக்க மாட்டேன். ஆனால் பெல்ட்டுக்கு அப்போதே ஒரு மறைப்பு போட்டிருப்பேன். நேற்றுப் போட்டுவிட்டோம்.

லேத் போகாது. இதை இனி யாரும் கேட்க வேண்டாம். நீ வரும்போது அது வாசலில் இருக்கும். வீட்டுக்கு வேறு வாசல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தால் முட்டிக்கொள்வாய், அப்போது நான் சிரிப்பேன்.

கை போனவனுக்கு என்ன வேலை என்று கேட்டாயாம். "சூட்டோடு அளந்தாயா" என்று கேட்டாயே, அதை எந்தக் கையால் கேட்டாய்? பம்பாயில் உட்கார்ந்துகொண்டு, பிஸ்டனைக் கண்ணால்கூடப் பார்க்காமல் சொன்னாய். இங்கே இரண்டு கையும் பத்து விரலும் வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் ரங்கசாமிக்கும் பத்து விரல் இருக்கிறது, அவருக்குத் தெரிந்ததா?

பாவம் பார்த்து உன்னைக் கூப்பிடவில்லை. என் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் இடமில்லை, உன் மாப்பிள்ளையைக் கேள். எனக்கு மாசம் இருநூறு பிஸ்டன் போக வேண்டும். அதில் ஒரு சிக்கல். மிதிக்கிற காலும் என்னுடையது, உளி பிடிக்கிற கையும் என்னுடையது. கடைசிச் சீவலில் கால் கொஞ்சம் தளர்ந்தாலும் பிஸ்டனில் வரி வரியாக விழுகிறது. பத்துக்கு ஒன்று வீணாகிறது. என்ன செய்யலாம் என்று நீ சொல்லு.

நீதான் சொல்ல வேண்டும். இடது கையால் எழுது. கோணலாக இருந்தால் இருக்கட்டும், ஒரு வரியாக இருந்தாலும் போதும். அண்ணி கையெழுத்தில் வந்தால் பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுப்பேன்.

உன் தங்கை
விக்டோரியா


குர்லா
21-10-1973

விக்டோரியா

இது நான். இடது கை. எழுத நாலு நாள் ஆனது.

இதுவரை சுகம் என்று எழுதினது பொய். இப்போது பரவாயில்லை.

உன் வாய்க்கு ஒரு நாள் பூட்டு போடுகிறேன்.

ஜோசப்பை வேறு லேத் பார்க்கச் சொல்லிவிட்டேன். போர்டு எண்ணெயைத் தடுக்கிறது என்றால் அங்கேயே இருக்கட்டும்.

வரி விழுவது உன் தப்பு இல்லை. கையும் காலும் ஒரே ஆளுக்கு இருந்தால் அப்படித்தான் விழும்.

டிசம்பர் 20 வருகிறோம். அதற்குள் மாப்பிள்ளையிடம் சொல்லி மிதிக்கட்டையை இடது பக்கம் ஒரு முழம் நீட்டி வை. இரண்டு பேர் நிற்க வேண்டும்.

மிதிப்பது நான். கடைவது நீ.

ஜெயராஜ்